ஆலங்கரை நல்ல இடம்

போர் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம். அது அடுத்து எந்தக் கரையில் ஏறும் என்று கணக்குப் போட்டவர்கள் பெங்களூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கடல்வழிப் படையெடுப்பைப் பற்றி எழுதுவதற்கு, கடல் காற்றுகூட எட்டாத ஊரில் ஓர் அலுவலகத்தை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. வாசல் பலகையில் ஏதோ புள்ளிவிவரப் பிரிவு என்று போட்டிருந்தது. அதைப் படித்த யாருக்கும் உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை வந்ததில்லை.

ரமாவுக்கு அங்கே ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதும் வேலை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் எங்கெங்கோ குடிசைகளில் உட்கார்ந்து, இலங்கைப் பக்கத்து வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள். மீனவர் பேச்சு, இயக்கத்தின் பேச்சு, இராணுவத்தின் பேச்சு எல்லாம் கலந்து வரும். ரமா அதைப் பிரித்து, சுருக்கி, தன் அதிகாரி ஸ்ரீகண்டனிடம் கொடுப்பாள். அவர் அதிலிருந்து ஒரு மதிப்பீடு எழுதி டெல்லிக்கு அனுப்புவார். டெல்லியில் அதைப் படித்தார்களா, பஜ்ஜி மடித்தார்களா என்று இவர்களுக்குத் தகவல் வராது.

மைசூர் சமஸ்தானத்தில் சேவகம் பார்த்த தமிழ்க் குடும்பம் ரமாவுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீராம்புரத்தை ஒட்டி அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் தபால் இலாகாவில் கணக்கு என்பாள். பின்கட்டு அறையில் குடியிருந்த பிரபாவிடமும் அதே தபால் இலாகா என்றுதான் சொல்லியிருந்தாள்.

பிரபா யாழ்ப்பாணத்துக்காரி. பொம்மசந்திராவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. போன வருஷம் புருஷன், பெண் குழந்தை என்று மூன்று பேருமாகப் படகேற வந்தார்கள். இவளை முதலில் தூக்கிப் படகில் போட்டார்கள். குழந்தையைத் தூக்குவதற்குள் கடற்படையின் விளக்கு திரும்பியது. படகோட்டி இயந்திரத்தை முடுக்கிவிட்டான். புருஷன் யூட் இடுப்பளவு தண்ணீரில் சிந்துவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றதுதான் பிரபா கடைசியாகப் பார்த்தது. சிந்துவுக்கு இப்போது ஆறு வயது. இரண்டு பேரும் யூட்டின் சொந்த ஊரான கண்டல்குடாவில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யூட் டவுனுக்கு வந்து ஒரு கடையில் காத்திருப்பான். பிரபா இங்கே தெருமுனையில் கோவிந்தப்பாவின் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அந்தக் கடைக்குப் பேசுவாள். அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் அவள் வாரம் முழுவதும் தைத்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் அது. இயக்கம் படகுகளைச் சேர்க்கிறது, யாழ்ப்பாணத்துக் கரையில் எங்கோ தரையிறங்கப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. எந்த இரவு என்பதில் ஸ்ரீகண்டனுக்குச் சந்தேகம் இல்லை. நிலா இல்லாத இரவாக இருக்கவேண்டும். அதற்காக அலுவலகச் சுவரில் ஒரு பஞ்சாங்கம் தொங்கியது. அமாவாசை புதன்கிழமை, மறுநாள் யுகாதி.

சனிக்கிழமை காலை ஸ்ரீகண்டன் வரைபடத்தை மேஜையில் விரித்தார். முடிவாக மிஞ்சியவை இரண்டு கரைகள். ஒன்று கண்டல்குடா, மற்றது ஆலங்கரை. இரண்டிலும் ஆழம் உண்டு, இரண்டிலிருந்தும் பெரிய சாலைக்குப் பாதை உண்டு.

"கண்டல்குடா போட்ஸ் என்ன ஆச்சு ரமா?" என்றார்.

"ஒண்ணுமே கடலுக்குப் போகல சார். நாலு நாளா அந்தப் பக்கத்து வள்ளக்காரங்க பேச்சே இல்ல."

"ஆலங்கரை?"

"தினமும் போறாங்க. ஆனா தூரமாப் போயி மீன் இல்லாமத் திரும்பறாங்க சார். அதுதான் எனக்கு..."

"மீன் கிடைக்கல, திரும்பறான். அதுல என்ன இருக்கு?" ஸ்ரீகண்டன் பென்சிலால் கண்டல்குடாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "கரை இறங்கறதுக்கு முன்னாடி அந்தக் கரையை க்ளியர் பண்ணுவாங்க. படகெல்லாம் நிறுத்திட்டாங்க பாருங்க. போன தடவையும் இதேதான். ஆய்த்து, டைப் பண்ணிடுங்க."

ரமா தட்டச்சு செய்தாள். கண்டல்குடா என்ற பெயரை மட்டும் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். ஆலங்கரைப் படகுகளைப் பற்றிய குறிப்பு பின்னிணைப்புக்குப் போனது. பின்னிணைப்பைப் படித்தவர் என்று அந்த அலுவலகத்தின் வரலாற்றில் ஒருவரும் கிடையாது.

அன்றைக்கு முழுக்க ரமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட உறுதிமொழியில், கேட்டதை வீட்டுச் சுவரிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று இருந்தது. இத்தனை வருஷமும் சொன்னதில்லை. ஆனால் சுவருக்கு ஆறு வயதில் பெண் இல்லையே. பின்கட்டில் பிரபா துணி துவைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பது கேட்கும்போதெல்லாம் ரமா பின்கட்டுக் கதவுவரை போய்த் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குக் கிளம்பியவளை ரமா வாசலில் நிறுத்தினாள்.

"பிரபா, நான் ஒண்ணு சொல்றேன், ஏன்னு கேக்கக்கூடாது."

"சொல்லுங்கோ அக்கா."

"உன் வீட்டுக்காரரைக் குழந்தையோட வேற எங்கயாவது போய் இருக்கச் சொல்லு. கொஞ்ச நாளைக்குத்தான். நாளைக்கே கிளம்பணும்."

பிரபா இவள் முகத்தையே பார்த்தாள். போரில் வளர்ந்தவளுக்கு எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். தபால் இலாகாவில் இந்த மாதிரிச் செய்தி வருமா என்று அவள் கேட்கவில்லை.

"டவுனுக்குள்ள ஒருத்தரும் இல்லையக்கா. எங்கட அக்கா இருக்கிறா, ஆலங்கரையில. வாசலில நிண்டால் அலை வந்து காலைத் தொடும். சிந்துவுக்கு அங்க எண்டால் சரியான விருப்பம்."

ரமாவுக்கு அப்பாடா என்று இருந்தது. வரைபடத்தில் வட்டம் விழாத கரை. டெல்லிக்குப் போன தாளில் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்ட பெயர். உலகத்திலேயே இந்த வாரம் ஆபத்தில்லாத கரை ஒன்று உண்டென்றால் அது ஆலங்கரைதான் என்று அவளே தன் கையால் தட்டச்சு செய்திருந்தாள்.

"ஆலங்கரையா? அது நல்ல இடம். அங்கயே போகச் சொல்லு" என்றாள்.

பிரபா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். பேசிவிட்டு அப்படியே ஓவர்டைம் பார்க்க பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்று ரமா நன்றாகச் சாப்பிட்டாள். வேலைக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்தது, ஆனால் ஒரு குழந்தைக்காகச் செய்த துரோகத்தில் பாதிக்கு மேல் பெருமைதான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பிரபா ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். கம்பெனியில் மிஞ்சிய பூப்போட்ட துணி. சிந்துவுக்குச் சட்டை தைக்கலாம் என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து துணியை மடியில் விரித்துக்கொண்டே பேசினாள்.

"இண்டைக்கு விடியவே வெளிக்கிட்டிருப்பினம் அக்கா. மனிசன் லேசில சம்மதிக்கேல்லை. ஃபோனில எனக்கு ஒரே ஏச்சு."

"ஏனாம்?"

"வெள்ளிக்கிழமை சூசையப்பர் பெருநாள். எங்கட ஊர்க் கோயில் சூசையப்பர் கோயில்தானே. பெருநாள் நேரத்தில ஊரை விட்டு எப்பிடி வாறது எண்டு கேட்டார். வள்ளமெல்லாம் ஏத்திப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருக்கினம். நவநாள் தொடங்கினால் அந்த ஒன்பது நாளும் கண்டல்குடாவில ஒருத்தரும் கடலுக்கு இறங்கமாட்டினம். பெருநாளண்டு வர்ணமடிச்ச வள்ளத்தில சுருவத்தை, உங்கட பாஷையில சிலையை, ஏத்திக் கடலைச் சுத்தி வருவினம். இந்த வருசம் எங்கட வள்ளத்துக்குத்தான் அந்த முறை விழுந்தது. அதை விட்டுப்போட்டு வரச் சொல்லுறியே எண்டு..."

ரமா கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

அலுவலகச் சுவரில் பஞ்சாங்கம் இருந்தது. அதில் அமாவாசை இருந்தது, யுகாதி இருந்தது, ராகுகாலம்கூட இருந்தது. சூசையப்பர் இல்லை. யுகாதிக்கு யார் யார் லீவு என்று ஒரு வாரம் சண்டை போட்ட அந்த அலுவலகத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு சாமிக்குத் திருநாள் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படகுகள் நின்றதை மட்டும் பார்த்தார்கள். அவை வர்ணம் காய்வதற்காக நின்றன. கண்டல்குடாவுக்கு யாரும் வரப்போவதில்லை. அப்படியானால் மிஞ்சியது ஒரே ஒரு கரை. தினமும் தூரமாகப் போய் மீன் இல்லாமல் திரும்பிய அந்தப் படகுகள் மீன் பிடிக்கப் போகவே இல்லை. இயக்கம் இறங்குவதற்காக ஆழம் பார்க்கப் போயிருந்தன.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி. மாத்திரை வாங்கிட்டு வரேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். வீட்டு ஃபோனில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதி கிடையாது. கோவிந்தப்பா பூத்தைச் சாத்துவதற்குத் தயாராக இருந்தார்.

"கோவிந்தப்பா, பிரபா பேசுவாளே, அந்தக் கடை நம்பர். அர்ஜென்ட்டு."

"ஸ்வல்ப இருங்க அம்மா. லைன் சிக்கறதே கஷ்டம் இப்போ." அவர் ரசீதுக் கட்டைப் புரட்டி எண்ணை எடுத்து, திரும்பத் திரும்பச் சுழற்றினார். கடைசியில் மணி அடித்தது. எடுத்தவர் வயசானவர் போல இருந்தது.

"யூட் இருக்காரா? கண்டல்குடா யூட்."

"யூட்டோ? விடிய, பிள்ளையைச் சைக்கிள் பாரில இருத்திக்கொண்டு இதால போனவர். ஆலங்கரைக்குப் போறன் எண்டவர். நீங்கள் ஆர் பேசிறது?"

"அவர் சம்சாரத்துக்குத் தெரிஞ்சவ. ஐயா, அவரைத் திரும்பி வரச் சொல்லணும். யாரையாவது அனுப்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்பிடியம்மா அனுப்பிறது? மத்தியானமே ஆமி பாதையைப் பூட்டிப்போட்டான். ஆலங்கரையில இருந்து இனி ஒருத்தரும் வெளிய வரேலாது, உள்ள போகவும் ஏலாது. ஏன், அங்க ஏதும்..."

கோடு அறுந்தது. பிறகு கோவிந்தப்பா எத்தனை தடவை சுழற்றியும் கிடைக்கவில்லை. ரமா பூத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். கோவிந்தப்பா பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அவள் ஸ்ரீகண்டன் மேஜையில் பின்னிணைப்பை எடுத்துப் போட்டாள். சூசையப்பரைச் சொன்னாள், தாரும் வர்ணமும் சொன்னாள், மீனில்லாப் படகுகளைச் சொன்னாள். ஸ்ரீகண்டன் முட்டாள் இல்லை. பாதி கேட்கும்போதே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"கரெக்ட்டுதான்" என்றார் மெதுவாக. "ஆனா இந்தத் திருவிழா விஷயம் எந்த டேப்புல வந்தது?"

ரமா பின்னிணைப்பின் ஓரத்தை மடித்தாள்.

"சோர்ஸ் இல்லாம நான் மாத்த முடியாது ரமா. டெல்லி கேக்கும்."

பொய் சொல்ல ஓர் ஆயிரம் வழி இருந்தது. ஏதாவது ஒரு நாடாவின் எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைத் தேடி எடுத்துக் கேட்டுப் பார்ப்பதற்குள் புதன்கிழமை வந்துவிடும். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்கட்டு அறை, குழந்தை, ஞாயிற்றுக்கிழமை வாசலில் சொன்ன வார்த்தை. சொல்லி முடித்தபோது ஸ்ரீகண்டனின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்களை நம்பி நான்..." ஸ்ரீகண்டன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னை என்ன வேணா பண்ணுங்க சார். ஜெயிலுக்கு அனுப்புங்க. ஆனா அந்த ஊருக்கு யாராவது சொல்லணும். செஞ்சிலுவைக்காரங்க கிட்ட சொல்லலாம், சர்ச்சு வழியாச் சொல்லலாம். கரையில இருக்கற ஜனங்களை உள்ள போகச் சொன்னாப் போதும்."

"சொன்னா என்ன ஆகும்? ரெண்டு தரப்புல யாருக்கு நம்ம உதவி பண்ணதா ஆகும், யோசிச்சீங்களா? நம்ம வேலை மதிப்பிடறது. எச்சரிக்கறது நம்ம வேலை இல்ல."

"அப்ப எதுக்கு சார் மதிப்பிடறோம்?"

ஸ்ரீகண்டன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தானே தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்து புது மதிப்பீட்டை அடித்தார். கண்டல்குடாவில் சமய விழா காரணமாகப் படகுகள் நிறுத்தம், ஆலங்கரையில் தரையிறக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. மூன்றே வரி. உள்ளூர்ச் சோர்ஸ் என்று மட்டும் போட்டார், பிரபாவின் பெயரைப் போடவில்லை. அந்த மட்டுக்கு அவர் நல்லவர். தாளை அனுப்பிவிட்டு ரமாவின் அடையாள அட்டையை வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

"யுகாதி வரைக்கும் லீவுல இருங்க. அப்புறம் என்னன்னு பாப்போம்."

புதன்கிழமை முழுக்க ரமா பூத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். லைன் இல்லை. யாழ்ப்பாணத்துக்கே லைன் இல்லை என்றார் கோவிந்தப்பா. பின்கட்டில் தையல் ஊசியோடு உட்கார்ந்திருந்த பிரபா ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சட்டைக்குக் கழுத்து வைத்தாகிவிட்டது, கை வைக்கவேண்டும், போன வருஷத்துக்கு எவ்வளவு வளர்ந்திருப்பாளோ என்று கேட்டாள். ரமா தன் பக்கத்தில் கையை வைத்துக் காட்டி, இவ்வளவு இருப்பாள் என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொல்லி என்ன செய்யச் சொல்வது? கடலில் நீந்தச் சொல்வதா? இப்படி ஒரு சமாதானத்தைத் தனக்குச் சொல்லிக்கொண்டாளே தவிர, உண்மையில் அது பயம். அந்த முகம் மாறுவதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். பார்த்தறியாத ஊரின் சூசையப்பரிடமும் வேண்டிக்கொண்டாள். மதிப்பீடு தப்பாகப் போகட்டும், இந்த ஒரு தடவை தப்பாகப் போகட்டும் என்று கெஞ்சினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி வேண்டிக்கொண்டதே இல்லை.

யுகாதி விடிந்தது. தெருவெல்லாம் மாவிலைத் தோரணம். எண்ணெய் தேய்த்த தலையோடு பிள்ளைகள் வாசலில் ஓடினார்கள். ஃபோன் அடித்தது.

"ரமா, ஹேப்பி யுகாதி." ஸ்ரீகண்டனின் குரலில் இருந்த உற்சாகத்தை அவராலேயே மறைக்க முடியவில்லை. "டெல்லியிலேருந்து இப்பத்தான் பேசினாங்க. எல்லாப் பிரிவும் கண்டல்குடான்னே எழுதியிருக்காங்க. நம்ம ஒருத்தர்தான் ஆலங்கரை. விடிகாலை அங்கயேதான் இறங்கியிருக்காங்க. உங்க விஷயத்தை நான் பேசிக்கறேன், பயப்படாதீங்க. திங்கட்கிழமை வந்து கார்டை வாங்கிக்குங்க."

"கரையோர வீடெல்லாம் என்ன ஆச்சு சார்?"

மறுமுனையில் உற்சாகம் வடிந்தது. அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இறங்கினவங்க மேல ஆர்மி ஷெல் அடிச்சிருக்கு. முதல் வரிசை வீடு ஒண்ணும்... ரமா, அவங்க உள்பக்கமா ஓடியிருக்கலாம். நமக்குத் தெரியாது இல்ல?"

அவள் ஃபோனை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. வாசலில் அலை வந்து காலைத் தொடும் வீடு முதல் வரிசையில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

"அக்கா! அக்கா!"

பிரபா தெருவிலிருந்து ஓடிவந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோவிந்தப்பாவின் வீட்டில் யுகாதிக்குக் கொடுத்த வேப்பம்பூவும் வெல்லமும் உள்ளங்கையில் இருந்தன. மூச்சு வாங்கியது.

"கோவிந்தப்பா வீட்டு ரேடியோவில சொன்னவங்கள். இறங்கிட்டாங்களாம். கரையெல்லாம் சண்டையாம். ஊர்ப் பேர் இன்னும் சொல்லேல்லை, எனக்கு என்னத்துக்குப் பேர்? எனக்குத் தெரியும்தானே எங்க எண்டு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்கள் சொல்லியிராட்டி என்ர பிள்ளை இண்டைக்கு அங்கயல்லோ இருந்திருக்கும். நீங்கள் எங்களுக்குக் கடவுள் அக்கா. வாயைத் திறவுங்கோ."

ரமா வாயைத் திறந்தாள். பிரபா அவள் நாக்கில் வெல்லத்தை வைத்தாள். ரமாவால் அதை விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. அப்படியே இருந்துவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம், அடுத்த செய்தி வரும்வரை இந்தப் பெண் சந்தோஷமாக இருப்பாள். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே முகம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிரபாவின் சிரிப்பு நின்றது.

"என்னக்கா?"

"பிரபா, கண்டல்குடா இல்ல."

"எது இல்லை?"

"கண்டல்குடாவுல ஒண்ணும் நடக்கல. ஆலங்கரையிலதான் இறங்கியிருக்காங்க."

பிரபாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வெல்லம் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கோபம்கூட வரவில்லை. வழி தெரியாதவர்கள் தெருவில் யாரையாவது நிறுத்திக் கேட்பார்களே, அந்த மாதிரி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீங்கள்தானே அக்கா நல்ல இடம் எண்டு சொன்னியள்?"